பட்டினி போட்டால்தான் பிழைக்கும்

பூச்சி தின்னும் செடி வளர்க்க ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த ஊர் வேண்டும் என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டு வளவில், அதாவது வானம் பார்த்த நடுமுற்றத்தில், குடுவைச் செடி காய்த்துத் தொங்குவது மாதிரி குடுவை குடுவையாகத் தொங்குகிறது என்று சொன்னால் நம்புவதில்லை, நேரில் வந்து பார்த்த பிறகு “ஏசி போட்டு வளர்க்கிறீங்களா?” என்று கேட்கிறார்கள். ஏசி எல்லாம் இல்லை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கோடையில் கொஞ்சம் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

என் கட்சி இதுதான். செட்டிநாட்டு வீடு இந்தச் செடிகளுக்காகவே கட்டியது போல இருக்கிறது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற வீடு, நடுவில் வானம் தெரிகிற வீடு, காற்றுக்கு மறைப்பும் வெளிச்சத்துக்குத் திறப்பும் உள்ள வீடு. இங்கே செடி சாகிறதென்றால் காரணம் பெரும்பாலும் வெயில் இல்லை. ஒன்று, இந்த ஊருக்கு ஒவ்வாத செடியை வாங்கியிருப்போம். இல்லையென்றால், அதிகப் பாசத்தில் சோறு போட்டிருப்போம்.

சோறு விஷயத்தை முதலில் பேசிவிடலாம். இந்தச் செடிகள் எல்லாம் மண்ணில் ஒன்றுமே இல்லாத இடத்தில் பிறந்தவை. சதுப்பு, கழுவிக் கழுவிச் சத்துப் போன மணல், பாறை இடுக்கு, பாசித் திட்டு. தழைச்சத்தும் மணிச்சத்தும் மண்ணிலிருந்து கிடைக்காத இடத்தில், அதைப் பறக்கிற ஊர்கிற உயிரிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பழகிக்கொண்டன. இலைதான் வாய், இலைதான் வயிறு. வேர் சும்மா செடியைப் பிடித்து நிறுத்தவும் தண்ணீர் உறிஞ்சவும்தான், உப்பையும் உரத்தையும் தாங்குகிற வேர் இல்லை அது. நம் வீட்டில் செடிக்குச் செய்கிற நல்ல காரியம் என்று எதையெல்லாம் நினைக்கிறோமோ, அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, எல்லாமே இதற்கு விஷம். மண்புழு உரம்கூடத்தான். நர்சரியில் கிடைக்கிற செம்மண் கலவையில் இதை வைத்தால் கொஞ்ச நாள் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டு, அடியிலிருந்து கறுத்துப் போகும்.

இதை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிய வைப்பதுதான் பெரிய பாடு. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் வந்து தொட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏந்தம்பி, இதுக்கு எருவு கிருவு ஒண்ணும் போடலையா? வெறும் நாராவுல இருக்கு.”

“வேணாம் ஆச்சி. போட்டா செத்துப்போயிரும்.”

“அப்ப எதைத் தின்னு உசுரோட இருக்கு?”

“எறும்பு.”

“நல்லாருக்குய்யா நீ செடி வளக்குற லெச்சணம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் அடுத்த வாரம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். பிள்ளைகளில் ஒன்று, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு குடுவைக்குள் சிக்கன் 65 துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மசாலாவும் எண்ணெயும் சேர்ந்து அந்தக் குடுவை அழுகி நாறிக் காய்ந்தது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, குடுவை என்பது ஓர் இலையின் நுனிதான், ஒன்று போனால் அடுத்த இலையில் இன்னொன்று வரும்.

இப்போது தண்ணீர். இதில்தான் ஊரில் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை, கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் 900ஐ ஒட்டிக் காட்டுகிறது. குடிப்பதற்கே யோசிக்கிற தண்ணீர். பூச்சியுண்ணும் செடிகளுக்கு 50க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவாக எல்லாரும் ஒப்புக்கொள்கிற கணக்கு, கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் குடுவைச் செடி பொறுத்துக்கொள்ளும், மற்றவை பொறுக்காது. மழைத் தண்ணீர் 20ஐத் தாண்டுவதில்லை. அந்த மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதில்லை, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகத்தை வைத்திருக்கிற காரைக்குடிக்காரர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நம் ஊர் வீடுகளில் வளவு வாசலைச் சுற்றி நாலு பக்கமும் ஓடு சரிந்து இறங்கும், மழை பெய்தால் தண்ணீர் தகரத் தூம்பு வழியாக மூலைக்கு வந்து விழும், கீழே அண்டாவையும் கிடாரத்தையும் வைத்துப் பிடிப்பார்கள். எந்த வெளிநாட்டுத் தோட்டப் புத்தகத்தைத் திறந்தாலும் ‘மழைநீர் பீப்பாய் ஒன்று வாங்குங்கள்’ என்று இருக்கும். நமக்கு வீடே பீப்பாய்தான். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைப் புத்தகத்தில் சொல்ல மாட்டார்கள். ஓட்டிலிருந்து வருகிற தண்ணீர் வேறு, சுண்ணாம்புக் காரை போட்ட மொட்டை மாடியிலிருந்து வருகிற தண்ணீர் வேறு. சுவரெல்லாம் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் அரைத்துப் பூசிப் பளபளவென்று நிற்கிற ஊர் இது, பார்க்க அழகுதான், ஆனால் அந்தச் சுண்ணாம்பின் மேல் ஓடி வருகிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டு வரும். நான் ஓட்டுத் தண்ணீரை மட்டும்தான் பிடிக்கிறேன். அதிலும் ஐப்பசியில் முதல் மழையைக் கழிய விட்டுவிடுவேன், ஆறேழு மாதத் தூசியும் புறா எச்சமும் அதோடு போய்விடும். பித்தளை, செம்பு அண்டாவில் பிடித்தாலும் அப்படியே விட்டுவைக்காமல் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றிவிடுகிறேன், செம்பு செடிக்கு நல்லதில்லை. மூடி எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை, கொசு.

கார்த்திகை வரை நன்றாகப் பெய்தால் டிரம் தண்ணீர் பங்குனி வரை ஓடும். அதற்கு மேல்தான் ஏசித் தண்ணீர். ராத்திரி முழுக்க ஓடுகிற ஏசியிலிருந்து வாளி நிறையத் தண்ணீர் சொட்டுகிறது, அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிகிற தண்ணீர், உப்பு கிட்டத்தட்ட இல்லை. தூசி கலந்திருக்கும், வடிகட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆர்ஓ தண்ணீரும் பரவாயில்லை, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றலாம். ஆர்ஓ மெஷின் கழித்துத் தள்ளுகிற உப்புத் தண்ணீர் அரளிக்கும் காகிதப்பூவுக்கும் போகிறது, அவை இரண்டும் எதையும் குடிக்கும்.

என்ன செடி வாங்கலாம் என்று கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது வீனஸ் ஃப்ளைட்ராப்தான். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தது மாதிரி வாயை மூடுகிற அந்தச் செடி. யூடியூப் செய்த வேலை. அது இங்கே வேண்டாம், காசைக் கரியாக்காதீர்கள். அமெரிக்காவில் வட கரோலினா, தென் கரோலினா கடலோரச் சமவெளியில், வில்மிங்டன் என்கிற ஊரைச் சுற்றியுள்ள சின்னப் பகுதியில் மட்டும்தான் அது இயற்கையாக வளர்கிறது. அங்கே குளிர்காலம் உண்டு. மூன்று நான்கு மாதம் 10 டிகிரிக்குக் கீழே தூங்கினால்தான் அடுத்த வருடம் அதற்குத் தெம்பு வரும். நமக்கு மார்கழி ராத்திரியிலேயே 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். தூக்கமில்லாமல் முழு வருடமும் வேலை பார்த்து, ஒவ்வோர் இலையும் முந்தையதைவிடச் சின்னதாகி, ஒன்றிரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்துத் தூங்க வைப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை, எங்கள் ஃப்ரிட்ஜில் மாவு வைக்கவே இடமில்லை. சராசீனியா என்று நெட்டுக்குத்தாகக் குழல் மாதிரி நிற்குமே, அதுவும் இதே கதைதான்.

ஆனால் ஃப்ளைட்ராப்பின் அறிவை மெச்சத்தான் வேண்டும். வாய்க்குள் சின்னச் சின்ன முடிகள் இருக்கின்றன. ஒரு முடியை ஒரு தடவை தொட்டால் மூடாது. சுமார் 20 நொடிக்குள் இரண்டாவது தடவை தொட்டால்தான் மூடும். மழைத் துளிக்கும் சருகுக்கும் ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. மூடிய பிறகும் உள்ளே இருப்பது துள்ளிக்கொண்டே இருந்தால்தான் செரிக்கிற நீரைச் சுரக்கும். டார்வின் இதற்கு மயங்கி, பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றியே 1875இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். மெச்சிவிட்டு விட்டுவிடுவோம்.

நமக்கு ஆகிற செடி நெப்பந்தஸ். பள்ளிக்கூடப் பாடத்தில் படம் போட்டுப் பாகம் குறித்த அதே குடுவைச் செடி. 150 இனங்களுக்கு மேல் இருக்கின்றன, அதில் மலைமேல் வளர்பவை, தாழ்நிலத்தில் வளர்பவை என்று இரண்டு சாதி. மலைச்சாதிக்கு ராத்திரிக் குளிர் வேண்டும், அதை வாங்கவே கூடாது. போர்னியோவில் கினபாலு மலையில் வளர்கிற ராஜா என்கிற இனம், லிட்டர் கணக்கில் தண்ணீர் பிடிக்கிற குடுவை, எலி விழுந்து செத்த கதையெல்லாம் உண்டு, படத்தில் பார்த்து ஆசைப்படலாம், அவ்வளவுதான். தாழ்நிலச் சாதியில் மிராபிலிஸ், கிராசிலிஸ், ரஃப்லேசியானா, ஆம்புல்லாரியா, இவையெல்லாம் மலேசியா, சுமத்ரா, போர்னியோ பக்கத்துச் செடிகள். எங்கள் ஐயாமார்கள் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போன அதே மண். தேக்கும் கண்ணாடியும் பீங்கானும் அள்ளிக்கொண்டு வந்தவர்கள் ஒருத்தராவது ஒரு குடுவைச் செடியைக் கொண்டுவந்து வளவில் தொங்கவிட்டிருக்கக்கூடாதா என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

ஆம்புல்லாரியாவை மலாய்க்காரர்கள் ‘பெரியோக் கெரா’ என்பார்கள், குரங்குப் பானை. அந்தக் குடுவையைக் கழுவி, உள்ளே ஒட்டரிசியும் தேங்காய்ப் பாலும் வைத்து அவித்துத் தின்கிறார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் கவுனி அரிசி வைக்கிறோமே, அதுவும் பர்மாவிலிருந்து வந்த ஒட்டரிசிதான், ஆக இந்தப் பலகாரம் நமக்குத் தூரத்துச் சொந்தம். இன்னொரு விசேஷம், ஆம்புல்லாரியா பாதிச் சைவம். மற்ற குடுவைகளுக்கு மேலே மூடி குடை பிடித்தது போல நிற்கும், இதற்கு மூடி பின்னால் மடங்கிக் கிடக்கும், குடுவை தரையோடு தரையாகக் கொத்தாக வாயைத் திறந்துகொண்டிருக்கும். மேலே உள்ள மரத்தின் சருகு உள்ளே விழுந்து மட்கி, அதிலிருந்து தன் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அசைவச் சாப்பாட்டுக்குப் பேர் போன ஊரில் வளர்ப்பதற்கு இதைப் போய்ச் சொல்கிறேனே.

முதல் செடியாக வாங்க வேண்டியது வென்ட்ரேட்டா. பிலிப்பைன்ஸ் கலப்பு. பெங்களூரு, கேரள நர்சரிகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கஷ்டத்தைத் தாங்கும், ஒரு நாள் தண்ணீர் மறந்தால் கோபித்துக்கொள்ளாது. இரண்டாவதாக மிராண்டா, குடுவை பெரிது, சிவப்புக் கோடு விழுந்து பார்க்க நன்றாக இருக்கும். மேகாலயாவில் மட்டும் இயற்கையாக வளர்கிற காசியானா என்ற இனம்தான் இந்தியாவின் ஒரே நெப்பந்தஸ். அதைக் காட்டிலிருந்து பிடுங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அழிந்துவரும் உயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தத்தின் (CITES) முதல் பட்டியலில் இருக்கிற செடி அது, மலிவாகக் கிடைக்கிறதே என்று வேரில் காட்டு மண்ணோடு வருகிறதை வாங்க வேண்டாம்.

வைக்கிற கலவைக்கு நான் தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரித் துண்டு, பெர்லைட் என்கிற பொரி மாதிரி வெள்ளைக் கல், கொஞ்சம் ஸ்பேக்னம் என்கிற சதுப்புப் பாசி கலக்கிறேன். கரி சரி, சாம்பல் கூடாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மட்டை நம் ஊரில் சும்மா கிடக்கிறது, ஆனால் அதில் உப்பு இருக்கிறது, அதுவும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். மழைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டி, மறுபடி ஊறவைத்துக் கொட்டி, மீட்டரில் பார்த்து இறங்கின பிறகுதான் தொட்டிக்குப் போகும். கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூளும் அப்படித்தான். மண் தொட்டி அழகு என்று அதில் வைப்பார்கள், அந்த ஓட்டிலிருந்தே உப்பு கசியும், பிளாஸ்டிக் தொட்டிதான் சரி.

இடம் என்று பார்த்தால், வளவில் காலை வெயில் படுகிற தூணுக்குப் பக்கம். பத்து மணி வரை வெயில், அப்புறம் நிழல், ஆனால் நாள் முழுக்க வானத்து வெளிச்சம். மே மாதம் 38, 39 டிகிரியைத் தொடும்போதும் வளவுக்குள் அந்த அனல் அவ்வளவு தெரியாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாயங்காலம் தண்ணீர் தெளித்துவிட்டால் ஈரம் நிற்கிறது. குடுவை வராததற்குப் பெரும்பாலும் காற்றில் ஈரமில்லாததுதான் காரணம். இலை நுனியில் கொடி நீண்டு, அதன் முனையில் மொட்டு மாதிரி ஒன்று தோன்றி, அப்படியே காய்ந்து போகும். சித்திரையிலிருந்து ஆடிக் காற்று ஓய்கிற வரை இப்படித்தான் இருக்கும், பதற வேண்டாம், இலை பச்சையாக இருந்தால் போதும்.

சரி, வாங்குவதை விடுங்கள், நம் ஊரிலேயே இருப்பதைச் சொல்கிறேன். ட்ரோசிரா. மழை ஓய்ந்த பிறகு, கண்மாய்ச் சரிவில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிற மணல் கலந்த செம்மண் தரையில், புல்லும் ஒழுங்காக முளைக்காத இடத்தில், குனிந்து தேடினால் சின்ன ஐந்து ரூபாய்க் காசு அளவில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். இது பர்மானி. நாட்டு வைத்தியர்கள் அழுகண்ணி என்கிறார்கள். இலை முழுக்க முடி, ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு பசைத் துளி, பனி என்று நினைத்து எறும்போ கொசுவோ வந்து உட்கார்ந்தால் முடிந்தது. ட்ரோசிரா குடும்பத்தில் பெரும்பாலானவை மடங்க நிமிடங்கள், மணிகள் எடுத்துக்கொள்ளும், பர்மானியின் ஓரத்து முடிகள் சில நொடிகளில் மடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஃப்ளைட்ராப் கேட்டு அழுகிற பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள். இன்னொன்று இண்டிகா, நெட்டுக்கு நிற்கும், இலை நூல் மாதிரி.

செடியைப் பிடுங்க வேண்டாம், பிழைக்காது. விதை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி வாக்கில் பூத்தண்டு காய்ந்து நிற்கும், ஒரு காகிதத்தின் மேல் தட்டினால் மிளகுத்தூள் போல விழும். அதை மூடி மண்ணில் புதைக்காமல், ஈரமான பீட் மாஸும் (மட்கிய சதுப்புப் பாசி) கழுவின ஆற்று மணலும் கலந்து அதன் மேல் தூவிவிட்டு, தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் உட்கார வைத்தால் முளைக்கிறது. இதற்கு நிழல் ஆகாது, நல்ல வெயில் வேண்டும், வெயில் குறைந்தால் சிவப்பு போய்ப் பச்சையாகிப் பசையும் குறையும். இந்த ஊர்க்காரச் செடி என்பதால் வெயிலைப் பற்றி அதற்குப் பயமில்லை, கால் மட்டும் ஈரத்தில் இருக்க வேண்டும். வருடம் முடிந்தால் செத்துவிடும், அது அதன் ஆயுசு, விதை தானே விழுந்து அடுத்த தொட்டியிலெல்லாம் முளைத்துக் கிடக்கும்.

ஊருணியிலும் வயலிலும் யூட்ரிகுலேரியா இருக்கிறது. தண்ணீரில் மிதக்கிற பாசி மாதிரிதான் தெரியும், மேலே மஞ்சள் பூ தலைநீட்டினால்தான் அடையாளம். இலையில் கடுகைவிடச் சின்னப் பைகள். பையிலிருந்து தண்ணீரை வெளியேற்றி உறிஞ்சத் தயாராக வைத்திருக்கும், வாசல் முடியில் ஏதாவது பட்டால் கதவு திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், எல்லாம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நடந்துவிடும். ஃப்ளைட்ராப் எல்லாம் இதற்கு முன் சோம்பேறி. ஆனால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

இந்தப் பட்டினிச் செடிகளைச் சுற்றித்தான் மற்ற செடிகள் இருக்கின்றன, அவை இல்லாவிட்டால் இவை இல்லை. பின்கட்டுக்கு வெளியே நந்தியாவட்டை, இட்லிப்பூ, பவளமல்லி, அரளி, காகிதப்பூ, சம்பங்கி. வெட்டிவிட்டால் தழைக்கிற, நட்டால் வருடக்கணக்கில் நிற்கிற சாதி. ஆத்தாவின் அரிசி கழுவின தண்ணீரும் ஆட்டுப் புழுக்கையும் கிணற்று உப்பும் இவற்றுக்குத்தான் போகிறது, அந்த ஆசையைக் கொட்டித் தீர்க்கவும் ஓர் இடம் வேண்டுமல்லவா. மேற்கே வரிசையாக நிற்கிற நந்தியாவட்டையும் அரளியும்தான் ஆடிக் காற்றைத் தடுக்கின்றன, அவற்றின் அடியில் தினம் தண்ணீர் பாய்வதால்தான் வளவுப் பக்கம் காற்றில் ஈரம் இருக்கிறது. பவளமல்லிக்கு ராத்திரியில் வருகிற அந்துப்பூச்சியில் ஒன்றிரண்டு குடுவைக்குள் தவறுகின்றன. செம்பருத்தியை மட்டும் தள்ளி வைத்திருக்கிறேன். மாவுப்பூச்சி முதலில் அதில்தான் வரும், அங்கிருந்து எறும்பு தூக்கிக்கொண்டு வந்து நெப்பந்தஸ் இலை இடுக்கில் குடிவைக்கும். வேப்பெண்ணெய் அடிக்கலாம் என்றால் ட்ரோசிராவின் பசை போய்விடும், பூச்சிமருந்து அடித்தால் அப்புறம் இவை எதைத் தின்னும்? பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுக்கிறேன், சலிப்பான வேலைதான்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால், பல்லாண்டுச் செடி என்றாலே குளிரில் மேலே காய்ந்து, மண்ணுக்குள் உயிரை வைத்துக்கொண்டு, வசந்தத்தில் முளைப்பது என்று இருக்கும். நமக்கு அந்தத் தூக்கம் வெயில்காலத்தில். செங்காந்தள் வைத்தவர்களுக்குத் தெரியும். தை, மாசியில் கொடி முழுக்கக் காய்ந்து ஒன்றுமே இல்லாமல் போகும், பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்க்கப் பார்ப்பார்கள். கிழங்கு உள்ளே கிடக்கும். ஆடி, ஆவணியில் ஒரு மழை பட்டால் முளை குத்திக்கொண்டு வந்து, புரட்டாசி ஐப்பசியில் இலை நுனியையே சுருட்டிக் கொம்பைப் பிடித்து ஏறிப் பூக்கும். மாநில மலர் என்று பெருமையாக வைக்கலாம், ஆனால் கிழங்கிலிருந்து விதை வரை எல்லாமே கொல்லும் விஷம், கோல்ச்சிசின் என்கிற மருந்துச் சரக்கை எடுக்க மூலனூர்ப் பக்கம் ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். எலியோ மனிதரோ தொட்டால் ஆபத்து இல்லாதது என்று பார்த்தால், என் வீட்டில் பூச்சி தின்கிற செடிதான் சாது.

கொசுவைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இந்தச் செடி வைத்தால் கொசு ஒழியுமா என்றால், ஒழியாது. நெப்பந்தஸுக்கு அதிகம் விழுவது எறும்புதான், விளிம்பில் தேன் நக்கப் போய், ஈரமான விளிம்பில் கால் வழுக்கி உள்ளே போகிறது. ட்ரோசிரா நாலு கொசுவைப் பிடிக்கும். ஆனால் ட்ரோசிரா உட்கார்ந்திருக்கிற தட்டுத் தண்ணீரை நாலைந்து நாளுக்கு ஒரு தடவை கொட்டி மாற்றாவிட்டால் அதிலிருந்து நாற்பது கொசு பறக்கும். டெங்கு பார்க்க வருகிற சுகாதாரப் பணியாளர் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. மாற்றும்போது கொட்டுகிற தண்ணீரையும் நான் வீணாக்குவதில்லை, இட்லிப்பூவுக்கு ஊற்றிவிடுவேன்.

பூச்சியே விழாத உள்வீட்டில் வைத்திருப்பவர்கள், மீனுக்குப் போடுகிற உலர்ந்த தீனியில் ஒரு சிட்டிகை, மாதத்துக்கு ஒரு குடுவைக்கு, அதற்கு மேல் வேண்டாம். வளவில், முற்றத்தில் வைத்திருப்பவர்கள் எதுவுமே போட வேண்டாம். குடுவைக்குள் இருக்கிற நீரைக் கொட்டிவிட்டுச் ‘சுத்தமாக’ப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அது செடி சுரந்த செரிமான நீர், அதைக் கொட்டினால் வயிற்றைக் காலி செய்கிற மாதிரி.

ஐப்பசி அடைமழையில்தான் இவற்றுக்குக் கொண்டாட்டம். காய்ந்த முனைகள் எல்லாம் போய்ப் புது இலை ஒவ்வொன்றிலும் குடுவை இறங்கும். கொடி நீண்டுவிட்ட வென்ட்ரேட்டாவை அப்போதுதான் நறுக்க வேண்டும், இரண்டு மூன்று கணு உள்ள குச்சி, இலையைப் பாதியாக வெட்டிவிட்டு ஈரப் பாசியில் சொருகி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். இந்த வருடமும் நறுக்கத்தான் போகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இருந்து யாராவது கேட்டால் குச்சியும் பர்மானி விதையும் சும்மாவே தருகிறேன், வீட்டுத் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்து எவ்வளவு என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.